புள்ளிக்கு என்ன விலை?

ரயில், பெட்ரோல் பங்க், கடை என ஏதாவது ஒரு பெயரைத் தாங்கி வரும் கிரெடிட் கார்டு லாபம்தானா? விடை வீட்டுக் கணக்கு நோட்டில் இருக்கிறது.

பெரிய ரயில் நிலையத்தின் வாசலில் ஒரு சின்ன மேஜை. அதன் பின்னால் டை கட்டிய இளைஞர். மேஜை மேல் விண்ணப்பப் படிவங்கள். பக்கத்தில், கார்டு வாங்குகிறவர்களுக்குக் காத்திருக்கும் பயணப் பை. "ஒரு நிமிஷம் சார், டிக்கெட் பணத்தில் பத்து சதவீதம் திரும்பக் கிடைக்கும்" என்று ஹிந்தியில் அழைக்கிறார். அதே மேஜை விமான நிலையத்தில் வேறு பெயரோடு இருக்கிறது. மாலில் ஒரு கடையின் பெயர், பெட்ரோல் பங்கில் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் பெயர். கூப்பிடும் தொனி மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

டைனர்ஸ் கிளப் கார்டு 1961-ல் இந்தியாவுக்கு வந்தபோது அது பெரிய கம்பெனி அதிகாரிகளின் சட்டைப்பையில் மட்டுமே இருந்தது. 1980-ல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா தன் கார்டை வெளியிட்டது. அன்று கார்டு என்பது அந்தஸ்தின் அடையாளம். 2024 தொடக்கத்தில் நாட்டில் புழங்கும் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 10 கோடியைக் கடந்துவிட்டது. அந்தஸ்தைச் சொல்லி இனி விற்க முடியாது. அதனால் விற்பனையாளர் லாபத்தைச் சொல்லி விற்கிறார். வங்கியும் ஒரு பிரபல நிறுவனமும் கைகோத்து வெளியிடும் 'கோ-பிராண்டட்' கார்டுகள் இந்த விற்பனையின் முன்வரிசையில் நிற்கின்றன. அந்த நிறுவனத்தில் செலவழித்தால் 5 சதவீதம், 10 சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்பது வாக்குறுதி. பணமாக, அல்லது புள்ளிகளாக.

வாக்குறுதி பொய் என்று சொல்ல முடியாது. பலருக்குக் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அது எல்லாக் குடும்பத்துக்கும் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

யார் கொடுக்கும் பணம்?

வங்கி தர்மம் செய்வதில்லை. கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரருக்கு முழுப் பணமும் போய்ச் சேருவதில்லை. பொதுவாக 2 சதவீதத்தை ஒட்டிய தொகை கழிக்கப்பட்டு, வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற அமைப்புகளும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இது முதல் வருமானம். ஆண்டுக் கட்டணம் இரண்டாவது. மூன்றாவதும் முக்கியமானதும், முழுப் பணத்தையும் கட்டாதவர்கள் தரும் வட்டி. கூட்டுச் சேர்ந்த நிறுவனமும் தன் விளம்பரச் செலவில் ஒரு பகுதியை இதில் போடுகிறது. வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகாமல் இருக்க அது கொடுக்கும் விலை அது.

2 சதவீதம் மட்டுமே வரும் இடத்தில் 5 சதவீதம் கொடுக்க வேண்டுமென்றால் மீதி எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அமெரிக்கக் கார்டுகளை ஆராய்ந்து அங்குள்ள மத்திய வங்கி, ஐஎம்எஃப் ஆகியவற்றின் பொருளாதார வல்லுநர்கள் பங்கேற்று எழுதிய ஆய்வறிக்கை ஒன்று 2023-ல் வெளியானது. கார்டைக் கையாளத் தெரியாதவர்களிடமிருந்து, தெரிந்தவர்களுக்கு ஆண்டுதோறும் சுமார் 1,500 கோடி டாலர் இந்தச் சலுகைகளின் வழியாகக் கைமாறுகிறது என்பது அதன் மதிப்பீடு. ஒருவருடைய இலவச டிக்கெட்டுக்கு இன்னொருவர் வட்டி கட்டுகிறார். கார்டு வாங்கும் முன் ஒரு குடும்பம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, இந்த இரண்டு வரிசைகளில் தான் எதில் நிற்கப்போகிறது என்பதுதான்.

நோட்டைப் புரட்டினால்

டெல்லி மயூர் விஹாரில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். கணவருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. மனைவி வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகள், எட்டாவது படிக்கும் மகன். கோடை விடுமுறை விட்டதும் சென்னை வழியாகக் கும்பகோணத்துக்குப் பயணம். ரயில் நிலைய மேஜையிலிருந்து கணவர் ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வருகிறார். மனைவி படிவத்தைப் படிப்பதற்கு முன் அலமாரியிலிருந்து வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்துப் போடுகிறார். "போன வருஷம் எதுக்கு எவ்வளவு செலவாச்சுன்னு இதுல இருக்குங்க. முதல்ல இதைப் பார்த்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க."

அவர் செய்தது சரி. கார்டின் விளம்பரம் இனிமேல் செய்யப்போகும் செலவைப் பற்றிப் பேசும். நோட்டு ஏற்கெனவே செய்த செலவைப் பேசும். கணக்கு போட வேண்டியது இரண்டாவதை வைத்துத்தான்.

முதலில் ரயில். நால்வரும் மூன்றாம் ஏசியில் போய்வர ஆண்டுக்கு 16,000 ரூபாய் என்று நோட்டு சொல்வதாக வைத்துக்கொள்ளலாம். கார்டு 10 சதவீதம் திருப்பித் தந்தால் 1,600 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 590. இன்னொரு சின்னக் கழிவும் உண்டு. 2019 செப்டம்பரில் இணையவழி டிக்கெட்டுக்குச் சேவைக் கட்டணம் மீண்டும் வந்தபோது, ஏசி வகுப்புக்கு யுபிஐ வழியே கட்டினால் 20 ரூபாய், மற்ற வழிகளில் 30 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. அந்த வித்தியாசம் வரியோடு ஒரு டிக்கெட்டுக்கு 11 ரூபாய் 80 பைசா. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு டிக்கெட்டுக்குச் சுமார் 24 ரூபாய். எல்லாம் கழித்தால் கையில் நிற்பது 986 ரூபாய். மோசமில்லை. ஆனால் புள்ளிகளாக வரும் அந்தத் தொகையை மறுபடி டிக்கெட் எடுக்க மட்டுமே பயன்படுத்த முடியும் என்ற நிபந்தனை இருக்கக்கூடும். வருடா வருடம் ஊருக்குப் போகிறவர்களுக்கு அது தடையில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போகிற குடும்பத்துக்கு இதே கணக்கு வேறு விதமாக முடியும். 1,600 ரூபாய் கிடைக்க 1,180 ரூபாய் கட்டணம் போய்விடும்.

அடுத்தது பெட்ரோல். கணவரின் ஸ்கூட்டருக்கு மாதம் 1,500 ரூபாய், ஆண்டுக்கு 18,000. பெட்ரோல் கார்டு 4 சதவீதம் மிச்சம் என்று சொல்கிறது. நிபந்தனைகளைப் படித்தால் அதில் 1 சதவீதம் 'சர்சார்ஜ் தள்ளுபடி' என்று இருக்கும். பெட்ரோல் பங்கில் கிரெடிட் கார்டு கொடுத்தால்தான் சர்சார்ஜ். நோட்டு கொடுத்தாலும் யுபிஐயில் கட்டினாலும் அது கிடையாது. கார்டு உண்டாக்கிய செலவைக் கார்டே தள்ளுபடி செய்வதை லாபக் கணக்கில் சேர்க்க முடியாது. உண்மையான மிச்சம் 3 சதவீதம், அதாவது 540 ரூபாய். கட்டணம் 590. ஆண்டு முழுவதும் பெட்ரோல் போட்டு 50 ரூபாய் நஷ்டம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மூன்றாவது, இணையக் கடையின் கார்டு. ஆண்டுக் கட்டணமே இல்லாத கார்டுகள் இதில் உண்டு. 2018-ல் ஐசிஐசிஐ வங்கியோடு சேர்ந்து அமேசான் அறிமுகப்படுத்திய கார்டு அந்த ரகம். நோட்டின்படி இந்தக் குடும்பம் ஒரு கடையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய்க்கு வாங்குகிறது என்றால், 5 சதவீதத்துக்கு 1,500 ரூபாய் சுளையாக நிற்கும். மூன்றில் இதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் அந்த 30,000 அப்படியே 30,000-ஆக இருக்குமா?

புள்ளிகளில் பேசும் கார்டுகளுக்கு முதலில் ஒரு மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது. '100 ரூபாய்க்கு 4 புள்ளிகள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஒரு புள்ளியின் மதிப்பு 25 பைசா என்பது பொடி எழுத்தில் இருக்கும். ஆக, நூறு ரூபாய்க்குக் கிடைப்பது ஒரு ரூபாய். புள்ளிகளைப் பொருளாக மாற்ற 99 ரூபாயும் வரியும் தனியாக வசூலிக்கும் வங்கிகள் இருக்கின்றன. பல திட்டங்களில் புள்ளிகளுக்கு 2 அல்லது 3 ஆண்டுதான் ஆயுள். வீட்டு வாடகை, காப்பீட்டு பிரீமியம், வாலட்டில் போடும் பணம், அரசுக்குக் கட்டும் தொகை ஆகியவற்றுக்குப் புள்ளியே கிடையாது என்றோ, குறைவு என்றோ நிபந்தனை இருக்கலாம். மாதாந்திர உச்சவரம்பும் இருக்கலாம். இதையெல்லாம் கழித்து, நூறு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் என்று ஒரே வரியில் எழுத முடிந்தால்தான் ஒரு கார்டை இன்னொன்றோடு ஒப்பிட முடியும்.

நீளும் கை

அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியர்கள் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் ஒரு சோதனை நடத்தி 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். நிர்வாகவியல் மாணவர்களிடையே பாஸ்டன் நகரக் கூடைப்பந்து அணியின் ஆட்டத்துக்கான டிக்கெட்டுகளை ஏலம் விட்டார்கள். ஒரு பிரிவினர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், இன்னொரு பிரிவினர் கார்டில் கட்டலாம் என்பது ஏற்பாடு. கார்டுக்காரர்கள் கேட்ட விலை ரொக்கக்காரர்கள் கேட்டதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. அதே டிக்கெட், அதே ஆட்டம், அதே வகுப்பு மாணவர்கள்.

பர்ஸிலிருந்து 500 ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கொடுக்கும்போது மனதில் விழும் சின்ன அடி, கார்டைத் தேய்க்கும்போது விழுவதில்லை. அதன்மேல் 'இதற்கும் 5 சதவீதம் உண்டு' என்ற சமாதானமும் சேர்ந்துகொண்டால் கை தானாக நீளும். மயூர் விஹார் குடும்பத்தின் 30,000 ரூபாய், கார்டு வந்த பிறகு 45,000-ஆகிவிட்டால் திரும்பக் கிடைப்பது 2,250 ரூபாய். போன வருடக் கணக்கைவிட 750 ரூபாய் அதிகம் சம்பாதித்ததாகத் தோன்றும். வீட்டிலிருந்து போனது 15,000 ரூபாய் அதிகம்.

இலக்கு வைத்துச் செலவழிக்கத் தூண்டும் சலுகைகளும் இந்த ரகம்தான். ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி என்று கார்டு சொல்லும். பிப்ரவரி கடைசியில் பார்த்தால் 80,000 ஆகியிருக்கும். 590 ரூபாயைக் காப்பாற்ற இன்னும் 20,000 ரூபாய்க்கு என்ன வாங்கலாம் என்று வீட்டில் ஆலோசனை தொடங்கும். விமான நிலைய ஓய்வறையில் இலவசச் சாப்பாடு என்பதும், வருடத்தில் ஒருமுறைகூட விமானம் ஏறாத குடும்பத்துக்குப் படிவத்தில் மட்டும் இருக்கும் சலுகை. அதற்கும் காலாண்டுக்கு இவ்வளவு செலவழித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் கார்டுகள் பெருகிவிட்டன.

ஒரு மாதம் தவறினால்

இதுவரை போட்ட கணக்கெல்லாம் ஒரே ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. மாதாமாதம் பில் தொகை முழுவதையும் கெடு தேதிக்குள் கட்டிவிட வேண்டும். அது ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும்?

மே 5-ம் தேதி வீட்டில் ஏசி பழுதாகிறது. டெல்லி வெயிலில் காத்திருக்க முடியாது. 40,000 ரூபாய்க்குப் புது ஏசி கார்டில் வாங்கப்படுகிறது. மே 20-ல் பில். கெடு ஜூன் 9. இடையில் ஊர்ப் பயணம், உறவில் ஒரு கல்யாணம், மொய், புடவை. ஜூன் 9-ல் 30,000 ரூபாய்தான் புரட்ட முடிகிறது. மீதி 10,000 அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அந்தப் 10,000 ரூபாய்க்கு மட்டும்தான் வட்டி என்பது அவர்கள் எண்ணம்.

கார்டுகளின் நிபந்தனைத் தாளில் தரப்படும் உதாரணக் கணக்கு பொதுவாக வேறு விதமாக இருக்கும். முழுப் பணமும் கட்டப்படாததால் வட்டியில்லாக் காலம் என்ற சலுகை மொத்தமாகப் போய்விடுகிறது. பொருள் வாங்கிய மே 5-லிருந்து ஜூன் 9 வரை 35 நாளுக்கு 40,000 ரூபாய் முழுவதற்கும் வட்டி. பிறகு ஜூன் 20 வரை மீதிப் 10,000-க்கு வட்டி. மாதம் மூன்றரை சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் என்ற கணக்கில் இது சுமார் 1,737 ரூபாய். வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு. சேர்த்தால் 2,050 ரூபாய். ரயில் கார்டு ஆண்டு முழுவதும் மிச்சப்படுத்தித் தந்தது 986 ரூபாய். இரண்டு வருட லாபம் ஒரே பில்லில் காலி. ஜூன் மாதம் புதிதாக வாங்கிய மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இதைவிட ஆபத்தானது பில்லில் தடித்த எழுத்தில் இருக்கும் 'குறைந்தபட்சத் தொகை'. அது பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 40,000-க்கு 2,000 ரூபாய். பார்க்க எளிதாக இருக்கிறது. அந்த 2,000-ல் வட்டிக்கும் வரிக்கும் போவது 1,652. அசலில் கழிவது 348. புதிதாக ஒரு பைசாவுக்கும் பொருள் வாங்காமல், ஆண்டு முழுவதும் இப்படியே கட்டிவந்தால் சுமார் 23,000 ரூபாய் கட்டிய பிறகும் பாக்கி சுமார் 36,000 நிற்கும். குறைந்தபட்சத் தொகை, தாமதக் கட்டணத்திலிருந்து மட்டுமே காப்பாற்றுகிறது. கடனிலிருந்து காப்பாற்றுவதில்லை.

வட்டிக்கு மேல்வரம்பு இருக்குமே என்ற நம்பிக்கையும் வேண்டாம். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வசூலிப்பது முறையற்ற வணிகம் என்று 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது.

மாறும் மதிப்பு

ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி கவர்னரின் கையெழுத்து இருக்கிறது. புள்ளிக்கு அப்படி ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. இன்று 25 பைசா மதிப்புள்ள புள்ளியை நாளை 20 பைசா ஆக்கும் உரிமையை வங்கி நிபந்தனைகளில் எழுதி வைத்துக்கொள்கிறது. முன்கூட்டி ஒரு மின்னஞ்சல் வரும். அவ்வளவுதான்.

கார்டில் பெயர் பொறித்த நிறுவனமே இல்லாமல் போகவும் கூடும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் தன் கடைசி விமானத்தை இயக்கிவிட்டு நின்றது. அதன் மைல்களைச் சேர்த்து வைத்தவர்களின் கணக்கு தனி நிறுவனத்தின் கையில் இருந்ததால் பிழைத்தது. ஆனால் அவர்கள் எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவோடு இணைந்தது. புள்ளிகள் ஏர் இந்தியா திட்டத்துக்கு மாறின. விஸ்தாரா பெயரைத் தாங்கிய கார்டுகளுக்கு அந்தப் பெயரே அர்த்தமற்றுப் போனது. வங்கி மாறுவதும் உண்டு. சிட்டி பாங்கின் இந்திய சில்லறை வர்த்தகம் 2023 மார்ச் 1-ல் ஆக்ஸிஸ் வங்கியின் கைக்குப் போனபோது, கார்டுகளும் கூடவே போயின.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது. புள்ளிகளைச் சேமிப்புப் போல வளர்க்கக் கூடாது. மகள் கல்யாணத்துக்கு ஆகும், வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆகும் என்று வருடக் கணக்கில் பூட்டி வைப்பவர்தான் அதிகம் இழக்கிறார். கிடைத்ததும் செலவழித்துவிடுவதே பாதுகாப்பு. பணமாகவே திருப்பித் தரும் கார்டு, அதே சதவீதம் தரும் புள்ளிக் கார்டைவிட ஒரு படி மேல்.

விதிகள் தரும் பிடி

வாடிக்கையாளர் கையில் சில உரிமைகளும் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு அந்த ஆண்டே நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, கேட்காத கார்டை அனுப்பி அதற்குக் கட்டணம் வசூலித்தால் வங்கி அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு, அதைப் போல இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும். பாக்கி எதுவும் இல்லாத கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குச் சேரும். கெடு தேதி கடந்து 3 நாளுக்கு மேல் ஆன பிறகுதான் தாமதக் கட்டணம் விதிக்கலாம்.

இரண்டு பெயர் தாங்கிய கார்டுகளுக்குத் தனி விதிகளும் உண்டு. வருமானத்தை வங்கியும் கூட்டாளி நிறுவனமும் எப்படிப் பங்கிடுகின்றன என்ற தகவலை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். கார்டை எங்கெல்லாம் பயன்படுத்தினார் என்ற விவரம் கூட்டாளி நிறுவனத்தின் கைக்குப் போகக் கூடாது. ரயில் பெயரில் இருந்தாலும் கடை பெயரில் இருந்தாலும், கடன் கொடுப்பது வங்கிதான். சிக்கல் வந்தால் போய் நிற்க வேண்டிய இடமும் அதுதான். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

மேஜைக்குப் பின்னால் நிற்கும் இளைஞர் வாயால் சொல்லும் வாக்குறுதிக்கு இந்த விதிகள் எதிலும் இடமில்லை. 'வாழ்நாள் முழுக்க இலவசம்' என்று அவர் சொன்னால், அது நிபந்தனைத் தாளில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் வருடம் மட்டும் இலவசம் என்பதுகூட வாய்ச்சொல்லில் வாழ்நாளாக நீண்டுவிடுவது உண்டு. ஒவ்வொரு விண்ணப்பமும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் ஏறுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. பயணப் பைக்காக நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டவர், பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போது அதற்கு விளக்கம் சொல்ல நேரலாம்.

வாங்கலாமா?

கார்டு பாக்கியோ வேறு சில்லறைக் கடனோ ஏற்கெனவே இருக்கும் குடும்பத்துக்கு விடை உடனே கிடைத்துவிடும். வேண்டாம். 42 சதவீத வட்டி கட்டிக்கொண்டு 5 சதவீதச் சலுகை தேடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. மாதச் சம்பளம் வருவதற்கு முன்பே செலவாகிவிடுகிற வீட்டுக்கும் இதே விடைதான்.

மற்றவர்களுக்கு ஒரு வருட நோட்டு போதும். கார்டு வராவிட்டாலும் அந்த நிறுவனத்தில் எவ்வளவு செலவாகியிருக்கும்? அதில் எத்தனை சதவீதம் உண்மையாகத் திரும்பும்? கட்டணமும் வரியும் போக என்ன நிற்கும்? கட்டணமில்லாத சாதாரணக் கார்டு ஒன்று 1 சதவீதம் தருகிறது என்றால், அதைவிட இது எவ்வளவு கூடுதல்? 5 சதவீதக் கார்டின் உண்மையான கூடுதல் 4 சதவீதம்தான். 590 ரூபாய் கட்டணத்தை எடுக்கவே அந்த ஒரு நிறுவனத்தில் ஆண்டுக்கு 14,750 ரூபாய் செலவழிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் லாபம். அதற்குக் கீழே என்றால் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மயூர் விஹார் குடும்பம் என்ன செய்யும்? பெட்ரோல் கார்டைத் தொடாது. இணையக் கடை கார்டையும் இப்போதைக்குத் தள்ளி வைக்கும். பிளஸ் டூ முடிக்கும் மகளுக்கு அடுத்த வருடம் கல்லூரிக் கட்டணம் காத்திருக்கிறது. கை நீளும் வருடம் இது இல்லை என்பதில் மனைவி உறுதியாக இருப்பார். ரயில் கார்டை வாங்கலாம். 986 ரூபாய்க்கு கும்பகோணத்தில் தாத்தா பாட்டிக்கு ஆளுக்கொரு பருத்தித் துணி எடுக்கலாம்.

ஆனால் சில ஏற்பாடுகளோடு. கடன் வரம்பை வங்கி ஒரு லட்சம் என்று தந்தாலும் 40,000-ஆகக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். பில் தொகை முழுவதும் கெடு தேதிக்கு முன்பே சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்ய வேண்டும். குறைந்தபட்சத் தொகை என்ற கட்டத்தில் டிக் அடிக்கக் கூடாது. டிக்கெட்டைத் தவிர வேறு எதற்கும் கார்டு வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. ஆண்டுக் கட்டணம் விழும் மாதத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். அந்த மாதம் மறுபடி ஒருமுறை கணக்கு பார்த்து, எந்த வருடம் ஊருக்குப் போக முடியாதோ அந்த வருடம் கட்டணம் விழுவதற்கு முன் கார்டை மூடிவிட வேண்டும்.

கணவர் படிவத்தை நிரப்புகிறார். மனைவி நோட்டில் புதிதாக ஒரு பத்தி போட்டு, மேலே 'கார்டு' என்று எழுதுகிறார். முதல் வரியில், வரவு எதுவும் வருவதற்கு முன்பே, செலவுப் பக்கத்தில் 590 ரூபாய் ஏறுகிறது.